தரம் பிரிப்பவன்

ஜூன் பிறந்ததும் மரச்சட்டங்களிலிருந்து மீனை இறக்குவார்கள்.
லோஃபோட்டன் காற்றில் மூன்று மாதம் தொங்கி
விறகாய்க் காய்ந்த காட் மீன்.
தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம்.
ஒவ்வொன்றாய் என் கைக்கு வரும்.
வெளிச்சத்தில் பிடிப்பேன். கழுத்தை முகர்வேன்.
இரத்தக் கறை, உறைபனி வெடிப்பு, தூண்டில் கிழித்த தழும்பு,
ஈரல் ஒட்டிய மஞ்சள்.
மூன்று நொடி. அதற்குள் தீர்ப்பு.
இருபது தரம், இருபது குவியல்.
நீளமாய் ஒல்லியாய் இருப்பது இத்தாலிக்கு.
உடைந்தது, கறுத்தது, தலைகள், எல்லாம் லாகோஸுக்கு.

முப்பத்தொரு வருடமாய் எனக்குச் சோறு போடுவது
இந்த மூக்கு.

அதனால்தானோ என்னவோ,
அந்த ஞாயிறு போதகர் இங்குன் வேதம் வாசித்தபோது
எனக்குச் சுருக்கென்றது.
எல்லோருமே குறைவுபட்டவர்களாம்.
ஆளுக்கு ஆள் பேதம் கிடையாதாம்.
என் இருபது குவியலையும்
யாரோ காலால் எத்தி ஒன்றாக்கியதுபோல்.

பேதம் இல்லையென்றால் அப்புறம் நான் எதற்கு?

எனக்கு முன் பெஞ்சில் ஸ்டைனார்.
அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.
மார்ச் புயலில் படகைத் திருப்பிக்கொண்டு வந்தவன்,
ஐவின்ட் தண்ணீரில் இருக்கும்போதே.
நின்றிருந்தால் இரண்டு சவம் என்றார்கள் சிலர்.
கூப்பிட்ட குரல் கேட்டது என்று அவனே சொன்னான்,
யாரும் கேட்காமலே.
அவனுடைய குவியல் எது என்று ஊருக்குத் தெரியும்.
அவன் மீன் அந்த வருடம் முதல் தரம்.
நான் இரண்டு முறை முகர்ந்தேன்,
ஒரு கறையாவது அகப்படாதா என்று.

பாடல் முடிந்ததும் ஞானஸ்நானம்.
மாரித்தின் குழந்தை, பிறந்து பதினொரு நாள்.
பழக்க தோஷம்,
ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழும்வரை காத்திருந்து பார்த்தேன்.
கழுத்து மடிப்பில் காய்ந்த பால்.
வேறொன்றும் இல்லை.
தலையில் தண்ணீர் பட்டதும்
கடன்காரனைப் பார்ப்பதுபோல் இங்குனைப் பார்த்தது.
இதுவுமா?

வாசலில் நிறுத்திக் கேட்டேன்.
கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.
"அந்த இடத்தில் எனக்கும் நாக்குத் தடுக்கிறது, ஓடுன்.
எழுதியவர் தன்னையும் சேர்த்துத்தான் எழுதினார்.
அது ஒன்றுதான் எனக்கு நிச்சயம்."
இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்.

குழந்தை விஷயத்தில் எனக்கு இன்றுவரை சம்மதமில்லை.
இதைப் போதகரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் தொண்ணூற்று நான்கில்
ராக்னாவின் நாற்பது கட்டு மீன் என் மேஜைக்கு வந்தது.
புருஷன் போன வருடம். நல்ல மீன்.
ஒரு தரம் குறைத்து எழுதினேன்.
வாங்க வந்தவன் தோளில் தட்டினான், பையில் ஏதோ செருகினான்.
அந்தக் காசில் ஒரு கத்தி வாங்கினேன்,
பிர்ச் மரப் பிடி.
இன்னும் மழுங்கவில்லை. இன்று காலைகூட
ரொட்டி அறுத்தது அதுதான்.
இத்தனை வருடத்தில் என்னை யாரும்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை.

கத்தியை எடுத்துக்கொண்டு ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன்.
எதைச் சொல்லிக் கொடுப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை.
கதவைத் திறந்தது கோடைக்கு வந்த ஒரு ஜெர்மன் குடும்பம்.
ராக்னா போய் ஆறு வருடமாம்.
கத்தி விற்க வந்தவன் என்று நினைத்து
என்ன விலை என்றார்கள்.

லாகோஸிலிருந்து வருவார் திருமதி ஒபியாகேலி.
நான் கழித்ததையெல்லாம் மூட்டையாய் வாங்குவார்.
"இது இல்லாமல் எங்களுக்குக் கல்யாணச் சமையல் இல்லை.
கொதித்தால் தெருவே மணக்கும்.
ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவோம்" என்பார்.
பதினேழாம் தரத்துக்கா என்று
ஒருமுறை சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

மறுபடி ஜூன்.
ஸ்டைனார் தன் மீனைத் தானே சுமந்து வந்து இறக்கினான்.
கூலிக்கு வர ஆளில்லை.
என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.
மேலே கிடந்ததை எடுத்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன்.
முதல் தரம்.

ஒருமுறைதான் முகர்ந்தேன்.