பொருளடக்கம்

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
காதர்சா கடையில்
பரீட்சை கைடுகளுக்கும் லாட்டரிச் சீட்டுகளுக்கும் நடுவே
பிள்ளைப்பேறு பற்றி மூன்று புத்தகங்கள்.
இரண்டு தமிழ். ஒன்று மலையாளம்.

முதலாவதின் அட்டையில்
வெண்ணெயில் பிடித்துவைத்த மாதிரி ஒரு குழந்தை.
எங்கள் இரண்டு வீட்டிலும்
ஏழு தலைமுறைக்கு அப்படியொன்று பிறந்ததில்லை.
பிரித்த பக்கத்தில் குங்குமப்பூ.
அடுத்த பக்கத்தில், கோபப்படாதே.
அதற்கும் அடுத்து, நல்லதையே நினை.
நல்லதையே நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்
போன தடவையும்.

இரண்டாவது டாக்டர் எழுதியது.
கதவு அடித்துக்கொண்டால் முட்டுக் கொடுக்கலாம், அவ்வளவு கனம்.
தமிழ்தான். ஆனால்
என் உடம்புக்குள் எனக்கே தெரியாத ஊர்ப்பேர்கள்.
எங்கே திறந்தாலும்
‘மருத்துவரை அணுகவும்’ என்று முடிந்தது.
அணுகத்தான் போகிறேன் டாக்டர்,
எப்போது என்று சொல்லுங்கள்.

வாசலில் கள்ளு வண்டி, இன்ஜின் ஓடியபடி.
சகாயம் விடிகாலை மூன்றுக்குக் கிளம்பினால்
திருச்சூர், ஆலுவா என்று கேன்களை இறக்கிவிட்டு
வீடு வந்து சேர மதியம்.
அந்த ஒன்பது மணி நேரத்துக்குத்தான்
எனக்குப் புத்தகம் வேண்டும்.

“ஏதாச்சும் ஒண்ணு எடு, எல்லாம் ஒண்ணுதான்”
என்கிறார்,
தர்பூசணியைப் பத்துத் தடவை தட்டிப் பார்க்கிற மனுஷன்.

நான் தட்டிப் பார்க்கும் இடம் வேறு.
பொருளடக்கத்தில் விரலை ஓட்டி
ஐந்தாம் மாதத்தில் நிறுத்துவேன்.
முதல் புத்தகத்தில் ஐந்தாம் மாதம் வளையல்.
இரண்டாவதில் ஓர் அட்டவணை, சதவீதக் கணக்கு.
புள்ளிக்கு வலப்பக்கத்தில்
எங்கேயோ நான் இருந்தேன்.

மூன்றாவது எனக்கு வாசிக்கத் தெரியாது.
மலையாளத்தில் பேசுவேன், சண்டை போடுவேன்,
ரேஷன் கடையில் சில்லறை பாக்கி கேட்பேன்.
எழுத்து மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளும்.

“என்னம்மா தேடறே?” என்றார் காதர்சா.
சொன்னேன்.
கடையில் ஆள் இருந்தும் சொன்னேன்.
அவர் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய்
ஓரிடத்தில் நின்று,
தான் படிக்காமல்
புத்தகத்தைச் சகாயம் கையில் கொடுத்தார்.

இவர் மலையாளம் மீடியம், ஒன்பதாவது வரை.
லாட்டரி முடிவு படிக்கிற குரலில் ஆரம்பித்தார்,
தமிழாக்கித் தமிழாக்கி:
ஐந்தாம் மாசத்தில் போய்விட்டால்.
பஸ்ஸில் போனதால் அல்ல.
அழுததால் அல்ல.
உங்கள் தப்பு அல்ல.
அதற்குப் பிறகும் பால் சுரக்கலாம்,
இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சொல்லவில்லை.
சுரந்தது.
நாலு நாள்,
முந்தானையை நாலாய் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு
இவருடைய கேன்களைக் கழுவினேன்.

படிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
போய்
வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு வந்தார்.

இருநூற்று நாற்பது ரூபாய். பேரம் பேசவில்லை.

இப்போது எட்டாம் மாதம்.
ராத்திரி சோற்றுக்குப் பிறகு இரண்டு பக்கம்.
வாசிக்கத் தெரிந்தவர் அவர் என்பதால்
எனக்குத் தெரிவதற்கு முன்னால்
அவருக்குத் தெரிந்துவிடுகிறது:
அசைவு குறைந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது.
தலை இடித்துக் கண் மங்கினால் உடனே போகணும்.
பிறந்ததும் தேனும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணியும் வேண்டாம்,
ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடணும்.
“உங்கம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?”
என்று கேட்கிறார்.
நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

நேற்று மூன்று மணிக்கு அவர் போன பிறகு
தூக்கம் வராமல் புத்தகத்தைப் புரட்டினேன்.
பின் அட்டையின் உள்பக்கம்
பேனாவால் இரண்டு நம்பர்கள்.
எண்களுக்கு மொழி கிடையாது.
முதலாவது நூற்றெட்டு.
இரண்டாவதன் பக்கத்தில், யார் என்று
தமிழில் எழுதத் தெரியாமல்
ஒரு ஜீப் வரைந்திருக்கிறார்.
சக்கரம் மூன்றுதான் இருக்கிறது.
ஹெட்லைட் இரண்டும்
எரிகிற மாதிரி கோடு போட்டிருக்கிறார்.