போக்குக்கு மேலால் வெள்ளம்

மூன்று மணிக்கே எழும்பிவிட்டேன்.
பெட்டைக்கு இன்றைக்கு ஓ.எல் சோதினை, புவியியல்.
கூரைத் தகரத்தில் மழை
நாலாம் நாளாக ஒரே கணக்கைப்
பிழைபிழையாகச் செய்துகொண்டிருந்தது.

விறகெல்லாம் ஈரம்.
உமியைப் போட்டு ஊதி ஊதி
புட்டு அவிந்தபோது என் கண்ணும் அவிந்திருந்தது.

மனிசன் பட்டியடியில் டோர்ச்சோடு நின்று
மாடுகளை எண்ணினார். முப்பத்தேழு.
திரும்ப எண்ணினார். முப்பத்தாறு.
"சுட்டியாளின்ர கண்டைக் காணேல்ல."
"விடியட்டும், தேடுவம்."
"விடிஞ்சா சோதினை."
"கண்டுக்குச் சோதினை இல்லைத்தானே" என்றேன்.
சிரிக்கவில்லை அவர்.
மார்கழிக் குளிரில் தாடை பூட்டியிருந்தது.

லேண்ட்மாஸ்டர் எட்டாம் இழுவையில் பிடித்தது.
பெட்டிக்குள் வைக்கோல்,
வைக்கோலுக்குள் இருபத்திரண்டு சட்டி எருமைத் தயிர்,
சட்டிகளுக்கு நடுவில்
யூரியாப் பையால் தலையை மூடிய துவாரகா,
அவள் மடியில் தம்பி கபிசன்.
அவனை விட்டுவிட்டு வர அந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள்?
அட்மிஷன் கார்ட்
மூன்று ஷொப்பிங் பைக்குள், என் சட்டைக்குள்.

ஈச்சிலம்பற்றுக்கு ஆறு கட்டை.
மூன்றாம் கட்டையில் போக்கைக் காணவில்லை.
இருந்தது, வெள்ளத்துக்குக் கீழே.
ஓரத்துக் கல் ஒன்று மட்டும்
வெள்ளைத் தலையை நீட்டிக்கொண்டு நின்றது.
மனிசன் சாரத்தை மடித்துக் கட்டினார்.
"இதால எத்தினை தரம் போயிருக்கிறன்"
என்று தொடங்குகிற ஆம்பிளைகள்
வசனம் முடிய முன்னமே விழுந்துவிடுகிறார்கள்.

இடது சில்லு இறங்கியது.
பெட்டி சரிந்தது, அவசரமே இல்லாமல்,
கலியாண வீட்டுப் பந்தியில்
பெரியவர் ஒருவர் உட்காருகிற மாதிரி.
வைக்கோல் போனது. பிறகு சட்டிகள்,
வாயில் கட்டிய தாளோடு
ஒவ்வொன்றாய் வெருகல் பக்கம் பயணம்.
கபிசன் எண்ணினான்: ஒண்டு, ரெண்டு, மூண்டு.
பத்தில் அழத் தொடங்கினான்.
அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது.

துவாரகா இடுப்பளவு தண்ணீரில் நின்று
பின்னலைப் பிழிந்தாள்.
"அம்மா, நேரம்?"
ஏழு இருபது.
"செருப்பு?"
ஒன்று.

பின்னால் ஹோர்ன் அடித்தது.
மணல் ஏற்றுகிற பெரிய ட்ராக்டர், இஸ்மத் நானா.
போன வருசம் தயிர்க் காசில் பிணக்குப்பட்டு
மனிசன் அவரோடு கதைப்பதில்லை.
இப்போதும் கதைக்கவில்லை.
தண்ணீருக்குள் நின்றபடி
லேண்ட்மாஸ்டரின் கைபிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அதுதான் காசு தர வேண்டிய ஆள் என்பதுபோல.
"கணக்குப் புறகு பாப்பம் யோகநாயகம்,
புள்ளைய ஏத்து."
மட்கார்டில் குந்திக்கொண்டு போனாள்,
ஒற்றைச் செருப்போடு.
கார்ட்டை எடுத்துக் கொடுத்தேன்.
என் சூடு அதில் இருந்தது, ஈரம் இல்லை.

நாங்கள் மத்தியானம் வரை இழுத்தோம்.
எஞ்சினுக்குள் வெள்ளம், எங்களுக்குள் பசி.
மிஞ்சியது ஒன்பது சட்டி.
ஒன்றை உடைத்து ரோட்டிலேயே இருந்து தின்றோம்,
சீனி இல்லை, கரண்டி இல்லை.
"நல்லா உறைஞ்சிருக்கு" என்றார் மனிசன்.
பதினேழு வருசத்தில் என் தயிரை
அவர் மெச்சியது அன்றைக்குத்தான்.
மழை வேறு பெய்துகொண்டிருந்தது,
சரியாகக் கேட்டேனோ தெரியாது.

இருட்டுகிற நேரம் அதே மட்கார்டில் வந்திறங்கினாள்.
காலில் யாருடையதோ நீலச் செருப்பு.
"என்னடி கேட்டவங்கள்?"
"வடகீழ்ப் பருவக்காத்தை விளக்கட்டாம். அஞ்சு புள்ளி."
"எழுதினியா?"
"எல்லாம் எழுதினன். தயிரை மட்டும் விட்டுட்டன்."

குசினிக்குள் போனால்
அடுப்படிச் சாம்பலில் சுட்டியாளின் கன்று படுத்திருக்கிறது,
பக்கத்தில் இன்னொன்று,
காதில் எங்கள் குறி இல்லை.

மனிசன் டோர்ச்சை எடுத்துக்கொண்டு
திரும்ப எண்ணப் போனார்.
முப்பத்தெட்டு.