கயிறு கட்டிய தெரு

காலை ஏழே முக்கால்.
ஜாக்கெட்டின் ஜிப்
நெஞ்சுக்குழி வரை ஏறி நின்றுகொண்டது.
மேலே போகவில்லை, கீழேயும் வரவில்லை.
நடந்தது அவ்வளவுதான்.

அதற்கு நான்
ரொட்டிப் பையைச் சுவரில் அடித்தேன்.
ஜிப்பின் நாக்கைப் பல்லால் கடித்து இழுத்து
கீழுதட்டைக் கிழித்துக்கொண்டேன்.
மூன்றாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து
கப்பல் மூழ்கிய செய்தி வந்தவள் போல அழுதேன்.

கப்பல் எதுவும் மூழ்கவில்லை.
புன்டா அரீனாஸ் துறைமுகத்தில்
படகுகளெல்லாம் கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தன.
நண்டுப் பருவம் முடிந்து
தம்பி ஹசிந்தோ சம்பளத்தோடு வந்துவிட்டான்.
வயிற்றில் இருந்த கட்டி
வெறும் கொழுப்பு என்று மார்ச்சிலேயே சொல்லிவிட்டார்கள்.
அப்புறம் எனக்கென்ன கேடு?

ஒரு சாவு விழுந்திருந்தால்
அக்கம்பக்கத்தார் சூப்போடு வருவார்கள்.
ஜிப்புக்கு அழுகிறவள் வீட்டுக்கு
யார் வருவார்?

இரண்டாம் மாடி மரிசோல்
கதவைப் பாதி திறந்தாள்.
உருண்டு போன ரொட்டி ஒன்று அவள் கையில்.
"உங்களுடையதா?"
"ஆமாம்."
ஊதித் துடைத்துப் படியில் வைத்தாள்,
கதவைச் சாத்திக்கொண்டாள்.
வேறொன்றும் கேட்காமல் போனாளே,
அந்தக் கடனை இன்னும் அடைக்கவில்லை நான்.

கம்பளிக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவள்.
எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பது என் பிழைப்பு.
கூட்டினேன்:
செவ்வாய் இரவு தூங்காதது,
வீட்டு வாடகை ஏறியது,
"கொஞ்சம் குண்டாகிவிட்டாய்" என்று அத்தை சொன்னது,
தீர்ந்துபோன கேஸ் சிலிண்டர்,
பதில் வராத ஒரு குறுஞ்செய்தி.
இரண்டு தடவை சரிபார்த்தும்
அந்த அழுகைக்குத் தொகை எட்டவில்லை.
எங்கோ ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது,
புரட்ட வரவில்லை.

தெருவில் இறங்கினேன்.
அக்டோபர் காற்று.
ஊருக்குப் புதியவர்கள் சிரிப்பார்கள்,
முச்சந்திகளில் எங்கள் நகராட்சி
கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்து.
முதல் காற்று அடிக்கும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

வங்கிக்காரர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் இருவர்,
பூனைக்கூடையோடு ஒரு பெண்,
பாதி மூடிய ஜாக்கெட் பாயாக உப்பிய நான்,
எல்லாரும் ஒரே கயிற்றில்.
இது சின்னக் காற்றா பெரிய காற்றா,
இதற்கெல்லாம் கயிறு பிடிக்கலாமா என்று
ஒருவரும் விசாரிக்கவில்லை.
முழங்காலை மடக்கி
முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டு
நின்றோம்.
காற்று சற்றே மூச்சு வாங்கியது.
நாலு எட்டு வைத்தோம்.
மறுபடி நின்றோம்.
பூனை மட்டும்
விடாமல் திட்டிக்கொண்டே வந்தது.

அலுவலகத்தில் எலியானா மன்சில்லா
பென்சிலின் கரி முனையை ஜிப்பில் தேய்த்தாள்.
சரக்கென்று இறங்கியது.
அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை
கடைசி முட்டை கை நழுவி விழுந்தது.
தொண்டையில் அதே இரைச்சல் எழுந்தது.
அடுப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
"கயிறு" என்றேன் உரக்க,
காலிச் சமையலறையில் ஒரு பைத்தியம் போல.
முழங்காலை மடக்கினேன்.
அழுகை வந்தது, வரட்டும் என்று நின்றேன்.
போனது.
மஞ்சள் கரு அதற்குள்
அலமாரிக்கடியில் பாதி தூரம் ஓடியிருந்தது.
துடைத்தேன்.
அன்று உடைந்தது
அந்த ஒரு முட்டைதான்.

எல்லா நாளும் இப்படி அமைவதில்லை.
சனிக்கிழமை ஒரு கோப்பையைச் சுவரில் எறியப் போனேன்.
கோப்பை போய்விட்டது,
கைப்பிடி மட்டும் விரலில் மிச்சம்.
அதைப் பிடித்துக்கொண்டு
நின்றேன்.