காரணம்: மற்றவை

பிரஷ் என்று பெயர். ஒரு மயிர் கிடையாது.
தீப்பெட்டி அளவில் கருங்கட்டி,
தலையில் செம்புக் குஞ்சம்.
இங்கே கோலே என்பார்கள்.
கரிக்கும் அதே சொல்,
பேச்சுவாக்கில் காசுக்கும் அதே சொல்.
"மூன்று வாரத்தில் எவ்வளவு கோலே தின்றிருக்கிறது
உங்கள் மோட்டார், ஃப்ராவ் தவபாலன்?"
கொள்முதல் பிரிவின் ஆம்ஸ்டுட்ஸ் கேட்டபோது
எதைச் சொல்கிறார் என்று ஒரு நொடி திகைத்தேன்.
இரண்டையும்தான்.

பீல் நகருக்கு வெளியே அட்டை ஆலை.
ஏழாம் எண் மோட்டார். பிப்ரவரி.
மெயினை இறக்கி, என் பூட்டைத் தொங்கவிட்டு,
மின்சாரம் செத்ததா என மூன்று தடவை பார்த்து
மூடியைக் கழற்றினேன்.
கறுப்பு மாவு.
ஹோல்டரின் உதட்டில், கேபிளின் முதுகில்,
முகமூடியைத் தாண்டி என் மூக்கில்.

நல்ல கம்யூட்டேட்டர் மின்னாது.
புளி போட்டுத் துலக்கிய குடம்போல்
பளிச்சென்றிருந்தால் அது நோய்.
கருப்பட்டி நிறத்தில் ஒரு தோல்
படிந்திருக்க வேண்டும்.
இதற்குத் தோல் உரிந்திருந்தது.
வெறும் செம்பு,
அதில் நூல் நூலாய்க் கீறல்.

"யாரோ தரத்தைக் கலந்திருக்கிறான்" என்றார் ஏமெனெக்கர்.
இருபத்துநான்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒரே எழுத்து, ஒரே எண்.
ஸ்பிரிங்குகளைத் தராசில் இழுத்தேன்:
ஒன்றுக்கொன்று பொறாமைப்பட எதுவுமில்லை.
ஹோல்டருக்குள் கரி தடையின்றி ஏறி இறங்கியது.
நேற்று ஓடும்போதே
ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்டிருந்தேன்,
பேரிங் முணுமுணுக்கவில்லை.
சரி, சரி, சரி என்று எழுதிக்கொண்டே போனேன்.
மாவு மட்டும் கொட்டிக்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டுக்குப் போக
கதவுப்பிடியைத் தொட்டேன்.
சுள்!
கையை உதறினேன்.
சூப்பின் முதல் வாயிலேயே
வெடித்த உதட்டில் உப்பு ஏறி எரிந்தது.
வெளியே பீஸ.
பன்னிரண்டு நாளாய் ஏரியை உரசி வரும்
வடகிழக்குக் காற்று.
ஈரமில்லாதவன் என்று நாங்கள் மனிதரைத்தான் திட்டுவோம்.

கரண்டியை வைத்துவிட்டு எழுந்தேன்.

கரி வழுக்குவது தன் திறமையால் மட்டும் அல்ல.
காற்றின் நீராவி
கண்ணுக்குத் தெரியாமல் நடுவில் படர வேண்டும்.
அது இல்லாவிட்டால்
கரி செம்பைத் தின்னும், தன்னையும் தின்னும்.
கிடங்கிலிருந்து ஈரமானியைத் தூக்கிவந்து
மோட்டார் அறையில் வைத்தேன்.
முள் சாய்ந்து சாய்ந்து
ஒன்பதில் படுத்துக்கொண்டது.

சுவருக்கு அந்தப் பக்கம்
நனைந்த அட்டை ஆவி கக்குகிறது,
கூரையிலிருந்து சொட்டுகிறது,
ஆட்கள் சட்டை நனைந்து நிற்கிறார்கள்.
ஒரு சுவர்தான்.
அதில் என்றோ யாரோ பலகை வைத்து அடைத்த துவாரம்.
பலகையைப் பெயர்த்தோம், வடிகட்டி பொருத்தினோம்.
வெளிக்காற்றின் வாயைப் பாதி சாத்தினோம்.

பிறகு புதுக் கரிகள்.
கம்யூட்டேட்டரைச் சுற்றி உப்புத்தாள்,
சொரசொரப்பு மேலே பார்க்க.
தட்டையான அடி
வட்டத்துக்கு வளைந்து கொடுக்கும்வரை
முன்னும் பின்னும், முன்னும் பின்னும்.
இரவு பதினொன்று.
ஏமெனெக்கர் விளக்கைப் பிடித்தபடி
நின்றுகொண்டே தூங்கினார்.

நான்காம் நாள் ஜன்னல் வழியே பார்த்தேன்.
பொறியே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
ஊசிமுனை அளவில்
அங்கொன்று, இங்கொன்று.
செம்பின் மேல் லேசாகப் பழுப்பு,
தேநீர்க் கறை மாதிரி.

அறிக்கையில் காரணத்துக்குக் கட்டங்கள்:
அழுத்தம், தரம், அதிர்வு, சுமை, மற்றவை.
மற்றவையில் புள்ளடியிட்டு
'காற்று' என்று எழுதினேன்.
ஆம்ஸ்டுட்ஸ் மறுபடி அழைத்தார்,
அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று.

என் விரல் முட்டிகளைப் பார்த்துவிட்டு
ஏமெனெக்கர் தன் கிரீம் டப்பாவை நீட்டினார்.
லேபிளைப் படித்தேன். சிலிக்கோன்.
அதன் ஆவி அந்த அறைக்குள் நுழைந்தால்
கரி மறுபடி மாவாகும்.
மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

பீஸ இன்னும் நிற்கவில்லை.