ஆரஞ்சு விளக்கு

ஸ்கௌஹீகன் தாண்டியதும் ஹீட்டர்
என் பக்கம் மட்டும் செத்துவிட்டது.
வெண்டெல் தன் இடது கையுறையைக் கழற்றித் தந்தான்.
ஒற்றைக் கையுறை.
இருபத்தாறு வருடமாக எங்களுக்குள்
எல்லாமே இப்படித்தான்:
பாதி, ஆனால் உடனே.

பின் இருக்கையில் உப்பு மூட்டை,
மண்வாரி,
இன்னும் தொடங்காத அந்தப் பேச்சு.

மூஸ் குறுக்கிடும் என்று பலகைகள் எச்சரித்தன.
ஒரு மூஸும் வரவில்லை.
மரம் ஏற்றிய லாரிகள் வந்தன.
ஒவ்வொன்றும் கடக்கையில் கண்ணாடி முழுக்க வெள்ளை.
ஒரு மூச்சு நேரம்
நாங்கள் எங்கேயும் இல்லை.

எல்லைச் சாவடியில் ஓர் இளம்பெண்:
"எதற்காக வருகிறீர்கள்?"
"விடுமுறை" என்றேன்.
"கொஞ்சம் பேச" என்றான் வெண்டெல்,
அதே நொடியில்.
அவள் குனிந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள்.
"துப்பாக்கி, பழங்கள் ஏதாவது?"
இல்லை.
போகச் சொல்லிவிட்டாள்.

கியூபெக்கில், கோட்டை மதிலுக்குள், கல் கட்டடத்தில் விடுதி.
மேசையில் இருந்த லூயி-ஃபெலிக்ஸ்
என் அட்டையைப் பார்த்துச் சொன்னான்:
"மதாம் பெல்த்தியே."
எங்கள் ஆலை நகரத்தில் அது பெல்லடீர்.
வாத்தியார்களுக்குப் பெல்லடீர், கொட்டகை முதலாளிக்குப் பெல்லடீர்,
அப்பாவே தொலைபேசியில் அப்படித்தான் சொல்வார்.
வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று
பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அந்தியில் ஆற்றுக்கு மேலே மரப்பலகை நடைபாதை.
சிறுவர்கள் சறுக்குப் பலகையில்
அலறிக்கொண்டே இறங்கினார்கள்.
கீழே பனிப்பாளங்கள் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.
கடல் அந்தப் பக்கம் அல்லவா, என்றேன்.
"ஓதம் ஏறுகிறது" என்றான்.
"இங்கே ஆறு
நாளைக்கு இரண்டு தடவை மனம் மாறும்."
எதைச் சொல்கிறான் என்று கேட்கவில்லை.
பட்டாணி சூப் வந்தபோது
இருவரும் ஒரே சமயத்தில் வாய் திறந்தோம்.
இருவரும் சூப் நன்றாக இருக்கிறது என்றோம்.

விடுதிக்குத் திரும்பும் தெருவில்
கம்பத்தின் மேல் ஓர் ஆரஞ்சு விளக்கு
அணைந்து அணைந்து எரிந்தது.
பண்டிகை மிச்சம் என்று நினைத்தோம்.
அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

காலையில் வண்டி இல்லை.
தெரு, சவரம் செய்த கன்னம் மாதிரி
மொழுமொழுவென்று இருந்தது.
லூயி-ஃபெலிக்ஸ் உதட்டைப் பிதுக்கினான்:
விளக்கு எரிந்தால் இரவில் பனி அள்ளுவார்கள்.
நிற்கும் வண்டிகளை இழுத்துப் போய்
வேறு தெருவில் விட்டுவிடுவார்கள்.
"எந்தத் தெரு?"
"பக்கத்தில்தான்... எங்காவது."

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துநான்கு.
தெருவுக்கு ஒரு புனிதர்.
வெண்டெல் சாவியைத் தலைக்கு மேலே தூக்கி
அழுத்தி அழுத்தி நடந்தான்,
எடுக்காத தொலைபேசியை
விடாமல் அழைப்பவன்போல.
மூன்றாவது புனிதரின் முனையில் வழுக்கி
உட்கார்ந்தே விட்டான்.
கை கொடுத்தேன்.
எழுவதற்குப் பதிலாகச் சிரிக்க ஆரம்பித்தான்.
மூக்கிலிருந்து நீர் வழியச் சிரித்தான்.
இந்தச் சிரிப்பை நான்
எங்கோ வைத்துவிட்டுத் தேடாமலே இருந்திருக்கிறேன்.

படிக்கட்டில் பனி வாரிக்கொண்டிருந்த ஒருத்தி
எங்கள் ஆங்கிலத்தைக் கேட்டு
"மேன்?" என்றாள்.
ஆமாம்.
"பச்சை?"
ஆமாம், ஆமாம்.
வாரியாலேயே வழி காட்டினாள்.

இருந்தது.
கூரைமேல் ஒரு முழப் பனி, வைப்பரில் ஒரு சீட்டு.
உப்பு மூட்டை அப்படியே.
எல்லாம் அப்படியே.

எஞ்சினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம்.
என் பக்கம் குளிர்ந்தது.
வெண்டெல் சீட்டை என் மடியில் வைத்தான்.
"படி. நீதானே பெல்த்தியே."
ஏறக்குறையச் சரியாகச் சொன்னான்.

எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.
இருந்தாலும் முதல் வரியிலிருந்து
சத்தமாகப் படித்தேன்,
நிறுத்தி, தடுக்கி, மூக்கால் இழுத்து.
அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு
முழுதாக என் பக்கம் திரும்பிக்
கேட்டுக்கொண்டிருந்தான்.

தொகை மட்டும் புரிந்தது.