பதிப்பு இரண்டு

கிளிநொச்சியில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்
ஐந்து பேர் இருந்து
குளங்களுக்கு நூலகம் எழுதுகிறோம்.
புத்தகம் அடுக்கும் நூலகம் இல்லை.
பிறர் எடுத்துத் தங்கள் நிரலில் பூட்டிக்கொள்ளும்
துண்டு துண்டான வேலைகள்:
நீர்மட்டம் அறிய ஒன்று, வான் பாய்ந்தால் சொல்ல ஒன்று,
துருசுக் கதவை உயர்த்த ஒன்று.

நேற்றிரவு முழுப் பட்டியலையும் வாசித்தேன்.
லதீபன் 'மட்டம்_எடு' என்று எழுதியிருக்கிறான்.
அன்ரனிற்றா 'மட்டத்தைப்பெறு'.
போன மார்கழியில் ஒருநாள், காய்ச்சலோடு,
'கொண்டா_லெவல்' என்று எழுதியவள்
நான்தான்.
மூன்றும் ஒரே வேலை.
மூன்றும் பிழையில்லாமல் ஓடின.
அதனால் ஒருவரும் கவனிக்கவில்லை.

'கதவு_பார்' என்றும் ஒன்று இருந்தது.
பார்க்கும் என்று நம்பி
நீர்ப்பாசனத் திணைக்களத்து வாகீசன்
மணிக்கொருதரம் அதைக் கூப்பிட வைத்திருந்தார்.
அது பார்த்தது.
திறந்திருந்தால், பார்த்த கையோடு மூடியும் விட்டது.
சிறுபோக நேரம்.
மூன்று நாள் வாய்க்காலின் கடைசி வயல்களுக்குத்
தண்ணி போகேல்லை.
"பிள்ளை, பாக்கத்தானே சொன்னனான்?"
போனில் அவர் கத்தவில்லை, கேட்டார்.
ஒரு பெயருக்காக
நான் மன்னிப்புக் கேட்டது அன்றுதான்.

கூட்டம் வைத்தோம். தேத்தண்ணி ஆறியது.
பொருள் முன்னுக்கு, வினை பின்னுக்கு என்றாள் அன்ரனிற்றா,
தமிழ் அப்படித்தானே வருகுது.
"கம்பியூட்டருக்குத் தமிழ் தெரியுமோ?" என்றான் லதீபன்.
"வாசிக்கப்போறது கம்பியூட்டரோ?"
அவன் திரும்பிச் சுவர் வரைபடத்தைப் பார்த்தான்,
தோற்கும்போது அப்படித்தான் பார்ப்பான்.

இந்தக் காட்டுக்குப் பெயர் வைத்தவர்கள்
கூட்டம் வைத்தார்களோ தெரியாது.
மோட்டை என்றால் மாடு குடிக்கக் காணும் தண்ணீர்,
ஆடியில் வெடித்துக் கிடக்கும்.
மடு என்றால் ஆழம், பிள்ளைகளை இறக்காதே.
குளம் என்றால் கட்டு உண்டு, துருசு உண்டு,
கீழே ஆரோ விதைத்திருக்கிறார்கள்.
முன்னுக்கு ஒரு மரமோ மிருகமோ,
பின்னுக்குத் தண்ணியின் அளவு.
போகாத ஊரையும் பாதி அறிந்துவிடலாம்.

முறிப்பு மட்டும் இடறியது.
எந்தக் காலத்திலோ உடைந்த கட்டு.
திருப்பிக் கட்டி, நிரம்பி, வான் பாய்ந்தும் ஆயிற்று.
பெயர் இன்னும் உடைந்தபடி.
"அது பழைய பதிப்போட ஒத்துப்போறதுக்கு" என்றான் லதீபன்.
வாகீசனின் மூன்று நாளுக்குப் பிறகு
முதல்தரம் சிரித்தோம்.

நாற்பத்தொரு பெயர்களை மாற்றினேன்.
பழையவற்றை அழிக்கவில்லை.
ஆரும் கூப்பிட்டால் புதியதிடம் கூட்டிப்போகும்,
போகிற வழியில் ஒரு வரி எச்சரிக்கும்.

முடிவில் எழுதியவர் பெயர் கேட்டது.
முகாமில் எழுதித் தந்த பிறப்புச் சான்றிதழில்
என் பெயருக்கு ஒரு எழுத்துக்கூட்டு.
அடையாள அட்டையில் வேறொன்று.
வங்கிப் புத்தகத்தில் 'ஷ' போய் 'ச' வந்தது.
மூன்றும் நான்தான்.
ஒன்றைத் தேடினால் மற்றது இரண்டும் அகப்படாது.
எதைத் தட்டினேன் என்று இப்போது ஞாபகமில்லை.

விடிய நாலு மணி.
வாகீசனின் நிரல் இன்னும் பழைய பெயரால்தான் கூப்பிடுகிறது.
திரையில் ஒரு வரி விழுந்தது:
கதவு_பார் – திறந்திருக்கிறது.

அடுத்த வரிக்காகக் காத்திருந்தேன்.
வரவில்லை.