பதினேழு

பிப்ரவரி பதினொன்று காலையில்
சேலம் சிறைக்குள் சுடப்பட்ட இருபத்திரண்டு பேருக்கு
மாலை வைத்துவிட்டு
ஏற்காடு பேருந்தில் ஏறினோம்.
ஹேசலுக்கு ஜன்னலோரம்.
லீட்ஸ் நகரில் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவள்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
அவள் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதித்தது.

எங்கள் கட்சியில் அறுபத்தோரு பேர், என்றாள்
ஏழாவது வளைவில்.
மாவட்டத்துலயா, என்றார் குப்புராஜ்.
நாட்டிலேயே, என்று மொழிபெயர்த்தேன்.
அவர் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை
அவளிடம் நீட்டினார். வேறென்ன செய்வார்.
போன தேர்தலில் நோட்டாவுக்குக் கீழே
நாங்கள் நின்ற கதையை
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காப்பி முடிந்து மிளகு பறிக்கும் பருவம்.
ஆண்கள் ஏணியை விட்டு இறங்கவில்லை.
பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள்,
பதினாலு பேர். நல்ல கூட்டம்தான்.

நான் எல்.ஐ.சி.யில் கிளார்க்.
பாலிசி நிபந்தனைகளைத் தமிழில் சொல்ல வரும்,
இது வரவில்லை.
உணவு வங்கி, என்றதும் சிரிப்பு.
பேங்க்குல சோறா?
வட்டி எவ்வளவு?
தோட்டை அடகு வைக்கணுமா?

வேலைக்குப் போகிறவர்கள்தான்,
சம்பளம் பற்றாமல்
வரிசையில் நின்று டப்பா மொச்சை வாங்குகிறார்கள், என்றேன்.
சிரிப்பு நின்றது.
"வெள்ளைக்காரங்களா?"
வெள்ளைக்காரங்களும்.
"இந்த எஸ்டேட்டே அவங்க வெச்சதுதானே," என்றாள் உண்ணாமலை,
"அந்தப் பணமெல்லாம் எங்கே போச்சாம்?"
ஹேசல் வாய் திறந்து, மூடிக்கொண்டாள்.

பிறகு சொன்னாள்:
ஈரம் ஏறிக் கரும்பூஞ்சை பிடித்த வீடுகள்,
இரவெல்லாம் இருமும் பிள்ளைகள்.
வீட்டுக்காரனுக்கு நாங்கள் கடிதம் எழுதித் தருகிறோம்,
வாசலில் போய் நிற்கிறோம்.
சுவர் காய்கிறது. தேர்தல் வருகிறது.
டீ கொடுத்து, கட்டிப்பிடித்து,
வேறு யாருக்கோ போடுகிறார்கள்.
அவர்களே சொல்கிறார்கள், ஒளிக்காமல்.
ஏன்?

குப்புராஜ் தொண்டையைச் செருமினார்.
அவரிடம் பதில் இருந்தது, ஒரு மணி நேரத்துக்கு.
உண்ணாமலை முந்திக்கொண்டாள்.
"கூலிப் பிரச்சினைன்னா இவருகிட்டதான் போவோம்.
ஓட்டு வேற.
ஜெயிக்கிறவன்கிட்ட ரோடு கேக்கலாம்.
தோக்குறவருக்குப் போட்டுட்டு
ரோட்டை யாருகிட்ட கேக்க?"

இருபத்தாறு வருடமாக மலையேறுகிறவர்
தன் செருப்பைப் பார்த்தார்.
இதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்போ நாங்க எதுக்கு வரணும்?"
ஹேசல் கேட்கவில்லை. நான் கேட்டேன்,
மொழிபெயர்க்க வந்தவள் கேட்கக் கூடாததை.
மிளகுக் கொத்தை உள்ளங்கையில் தேய்த்து
உதிர்த்துக்கொண்டே அவள் சொன்னாள்,
"வராம இருந்து பாருங்க."

மிரட்டலா, கெஞ்சலா, தெரியவில்லை.
ஆங்கிலத்தில் இரண்டு விதமாகவும் சொன்னேன்.
ஹேசல் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

இறங்கும்போது இருட்டு.
கீழே சேலம் கொட்டிய தவிடு போல விளக்குகளாய்க் கிடந்தது.
அவள் கால் பிரேக்கைத் தேடவில்லை.
மடியில் ஒரு படி பச்சை மிளகு,
வாய் திறந்த தூக்கம்.

மே மாதம் செய்தி வந்தது.
வார்டு தேர்தல். போன முறை இருநூற்றுப் பதினாலு.
இம்முறை இருநூற்று முப்பத்தொன்று.
தோல்வி, வழக்கம்போல், என்று எழுதியிருந்தாள்.

செவ்வாய்ப்பேட்டை ஆபீசில் கரண்ட் இல்லை.
பதினேழா, என்று சிரித்தான் வாலிபர் சங்கத்து இளம்பரிதி,
எங்க தெருவுல நாயே அதைவிட அதிகம்.
குப்புராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
எண்ணை இரண்டு தடவை படித்தார்.
"யார் யாருன்னு தெரியுமான்னு கேளு."

கேட்டேன்.
அங்கே விடிந்ததும் பதில்.
பதினோரு பேர், பெயரோடு, தெருவோடு.
சுவர் காய்ந்த வீட்டில் இருவர்.
பணிமனையில் நால்வர், ஒருத்தி அவளோடு பத்து வருடமாகப் பேசாதவள்.
மிச்சம் ஆறு பேரை
மழையில் கதவு கதவாகத்
தேடிக்கொண்டிருக்கிறாளாம்.